சீசர் வீட்டுப் பெயருக்கு எத்தனை வாரிசுகள்?

கேளுங்கள் டீச்சர்

சென்ற இதழில் ஜூலை மாதம் ஜூலியஸ் சீசரின் பெயரைத் தாங்கி நிற்பதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், நம்மில் பலருக்கு அந்த மனிதர்மேல் ஏதோ ஒரு சந்தேகம் பாக்கி இருந்திருக்கிறது. ஆகவே இந்த முறை சீசர் மட்டும்தான். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது எப்படி என்று கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். அது சீசர் விவகாரத்தைவிடச் சிக்கலானது.

பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன் டீச்சர். ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவர், அதனால்தான் ‘சிசேரியன்’ என்று பெயர் வந்தது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நிஜமா?
– ஒரு செவிலியர், தேனி

சொல்லிக்கொடுத்தவர்மேல் குற்றமில்லை. ஐரோப்பாவே பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நம்பியது. ஆனால் ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்திருக்க வழியில்லை. அதற்குச் சாட்சி அவருடைய அம்மா அவ்ரேலியா. மகன் வளர்ந்து, தளபதியாகி, இன்றைய பிரான்ஸ் பக்கம் போர் நடத்திக்கொண்டிருந்த காலத்திலும் அந்த அம்மா ரோமில் இருந்தார். கி.மு. 54இல்தான் இறந்தார். மகனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் என்ன ஆவாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறுவை ரோமில் இருந்தது, ஆனால் இறந்துபோன தாய்க்கு. கர்ப்பிணி இறந்தால், வயிற்றுப் பிள்ளையை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யக்கூடாது என்று ஒரு பழஞ்சட்டம். குடியரசு வருவதற்கு முந்தைய ராஜாக்கள் காலத்துச் சட்டம் என்றே ரோமானியர்கள் அதைச் சொல்லி வந்தார்கள்.

இன்னொன்று. ‘சீசர்’ அவருக்கு வைத்த பெயரே அல்ல. அவருடைய முழுப்பெயர் கையஸ் ஜூலியஸ் சீசர். கையஸ் என்பது பெற்றவர்கள் இட்ட பெயர். ஜூலியஸ் குலப்பெயர். அந்தக் குலத்தில் ஒரு கிளைக்கு உள்ள வீட்டுப் பெயர்தான் சீசர். அவர் பிறந்தது கி.மு. 100இல். கி.மு. 208லேயே செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்று ஒருவர் ரோமில் பிரீட்டர் என்ற உயர் பதவியில் இருந்திருக்கிறார். எனவே நம் ஆள் எப்படிப் பிறந்திருந்தாலும் பெயருக்குக் காரணம் அவரல்ல.

அப்படியானால் அந்த வீட்டுக்கு ஏன் அந்தப் பெயர்? ரோமானியர்களுக்கே தெரியாது. தெரியாததாலேயே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, அந்த வீட்டின் முதல் ஆள் வெட்டி எடுக்கப்பட்ட பிள்ளை என்று எழுதினார். லத்தீனில் வெட்டப்பட்டது ‘கைசுஸ்’. பூச்சிமருந்தைப் பெஸ்டிசைடு என்கிறோமே, அந்த ‘சைடு’ வந்ததும் இதே வேரிலிருந்துதான். வேறு சிலர், மூதாதை ஒருவர் போரில் யானையைக் கொன்றார், ஆப்பிரிக்க மூர்கள் பேச்சில் யானைக்கு ‘கைசாய்’ என்று பெயர் என்றார்கள். அடர்ந்த தலைமுடி ‘கைசாரியேஸ்’, அதனால் என்று ஒரு கட்சி. நீலச்சாம்பல் கண் ‘கைசியுஸ்’, அதனால் என்று இன்னொரு கட்சி.

எனக்குப் பிடித்தது கடைசி இரண்டும். ஏனென்றால் ஜூலியஸ் சீசருக்குத் தலை வழுக்கை, கண் கறுப்பு. வரலாற்றாசிரியர் சூவெட்டோனியஸ் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். வழுக்கையைப் பற்றி எதிரிகள் கேலி பேசுவது சீசருக்குத் தாங்கவில்லையாம். பின்பக்க முடியை முன்னால் வாரிவிட்டுக்கொள்வாராம். செனட் எத்தனையோ மரியாதைகள் கொடுத்தும், எப்போதும் வாகை மாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையைத்தான் அவர் மிகவும் ரசித்தாராம். முன்னந்தலையை மறைத்துவிடும் அல்லவா! யானைக் கதையை மட்டும் அவர் பயன்படுத்திக்கொண்டார்போல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம் அவர் வெளியிட்ட வெள்ளிக்காசில் ஒரு யானை நிற்கிறது, அதன் கீழே ‘கைசர்’ என்று எழுத்து.

உங்கள் வார்டுச் சொல்லுக்கு வருகிறேன். வெட்டுக்கான லத்தீன் சொல்லும் சீசர் கதையும் பின்னிப்போய், 16ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் நிலைத்தது. பிரான்சில் பிரான்சுவா ரூசே என்ற மருத்துவர் 1581இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘சீசரியப் பிரசவம்’ வந்துவிட்டது. மற்ற நாட்டுக்காரர்கள் ‘சீசர்’ என்ற இடத்தில் தங்கள் ஊரில் பேரரசருக்கு என்ன சொல்லோ அதைப் போட்டுக்கொண்டார்கள். ஜெர்மனியில் அது ‘கைசர்ஷ்னிட்’, டச்சில் ‘கெய்சர்ஸ்னேடெ’, ஹங்கேரியில் ‘சாசார்மெட்சேஷ்’. எல்லாம் பேரரசர் வெட்டு! போலந்திலும் அதே கதை. ஒரு தாய் பிள்ளை பெறுவதில் பேரரசருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹோட்டலில் சீசர் சாலட் தருகிறார்களே, அதைச் சாப்பிட்டவர் எந்தச் சீசர்?
– ஒரு வாசகர், கோவை

சாப்பிட்டவர் அல்ல, செய்தவர். சீசர் கார்டினி என்ற இத்தாலியர், மெக்சிகோவின் டிஹுவானாவில் உணவகம் வைத்திருந்தார். 1924இல் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். ரோமாபுரிக்கும் அதற்கும் சம்பந்தம் அவருடைய பெயர் மட்டும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். சீசியம் என்ற தனிமமும் சீசர் பெயரல்ல. 1860இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் டுர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்று நீரை ஆராய்ந்தபோது நிறமாலையில் இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. மேலே சொன்ன ‘கைசியுஸ்’ என்ற நீலத்தை வைத்துத்தான் அந்தப் பெயர்.

ஜெர்மன் கைசரும் ரஷ்ய ஜாரும் ஒரே சொல் என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். ஓசையில் ஒற்றுமையே இல்லையே டீச்சர்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள் தம்பி. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதற்குப் பதில் முதல் எழுத்தில் இருக்கிறது.

ஜூலியஸ் சீசர் காலத்து லத்தீனில் அந்தப் பெயரை ‘கைசர்’ என்றுதான் சொன்னார்கள். ‘சீசர்’ என்று நாம் கூப்பிட்டால் அந்த மனிதர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். ரைன் நதிக்கு அப்பால் இருந்த ஜெர்மானியக் குடிகள், ரோமானியர்களோடு சண்டையும் சம்பளமுமாகப் பழகிய ஆரம்ப காலத்திலேயே இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கோத்தியம் என்ற ஜெர்மானிய மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளிலும் ‘கைசர்’ என்றே இருக்கிறது. ரோமில் உச்சரிப்பு மாறிப்போனது, வாங்கியவர்கள் வாங்கியபடி வைத்திருந்தார்கள். டேனிஷ், சுவீடிஷ், பின்னிஷ், ஐஸ்லாந்து மொழி வரை அந்தக் ‘க’ இன்றும் நிற்கிறது.

லத்தீனில் எ, இ ஒலிகளுக்கு முன்னால் வரும் ‘க’ பிற்காலத்தில் மெலிந்தது. ஊருக்கு ஊர் வேறு மாதிரி மெலிந்தது. இத்தாலியர் ‘சேஸரே’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ‘செசார்’ என்றார்கள். பிரெஞ்சு வழியில் போன ஆங்கிலம் ‘சீசர்’ ஆக்கி நமக்குத் தந்தது.

ஸ்லாவியர் வாயில் அது ‘த்ஸெசார்’. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய பட்டம் தேயாமல் இருக்குமா? நடுவில் இருந்தது உதிர்ந்து ‘த்ஸார்’ ஆனது. ஆங்கிலேயர் அதை ‘ஸார்’ என்றார்கள். அவர்களிடமிருந்து வாங்கி நாம் ‘ஜார்’ ஆக்கினோம். 1917 புரட்சியைப் பாடிய பாரதியும் ஜார் என்றே பாடினார். (ஆபீசில் மேலதிகாரியைக் கூப்பிடும் ‘சார்’ வேறு. அது ‘மூத்தவர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் கொள்ளுப்பேரன்.)

ரஷ்ய மொழியில் வேடிக்கை என்னவென்றால், ஒரே பெயர் மூன்று தடவை வந்து மூன்று சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. அரசன் ‘த்ஸார்’. பைபிளில் வரி வாங்கும் ரோமப் பேரரசர் ‘கேசர்’, இது கிரேக்கத்திலிருந்து வந்தது. வரலாற்றுப் பாடத்தில் வரும் ஜூலியஸ் சீசர் ‘த்ஸேசர்’, இது படித்தவர்கள் பின்னாளில் கொண்டுவந்தது. ஒரு ரஷ்யப் பிள்ளையிடம் மூன்றும் ஒன்று என்று சொன்னால் அதுவும் உங்களைப் போலத்தான் பந்தயம் கட்டும்.

வீட்டுப் பெயர் பட்டமானது எப்படி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலியஸ் சீசர் பேரரசராக இருந்ததே இல்லை. கி.மு. 44இல் அவர் கொலையான பிறகு உயிலைத் திறந்தால், சகோதரியின் பேரன் ஆக்டேவியனைத் தத்தெடுத்திருந்தார். அந்தப் பையன் பெயரை மாற்றிக்கொண்டு சீசர் ஆனான், பிறகு அகஸ்டஸ் ஆனான். தத்துக்குமேல் தத்தாக அந்தப் பெயர் நீரோ வரை வந்தது. கி.பி. 68இல் நீரோ செத்ததோடு வீடு முடிந்தது. முடிய வேண்டிய பெயர் அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது! அடுத்து ஆட்சியைப் பிடித்த கால்பாவுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் ‘சீசர்’ என்று போட்டுக்கொண்டார். ரத்தம் இருந்தவர்களுக்கு அது வெறும் பெயர், ரத்தம் இல்லாதவர்களுக்கு அது அத்தாட்சி. இந்த வரலாறு முழுக்க அப்படித்தான்.

இதில் ஒரு கூத்து. 293இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ராஜ்யத்தை நாலு பேருக்குப் பங்கு வைத்தபோது, பெரியவர் இருவருக்கு அகஸ்டஸ், சின்னவர் இருவருக்கு சீசர் என்று பட்டம் கொடுத்தார். அதாவது சொந்த ஊரில் சீசர் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. வெளியூரிலோ அதுதான் உச்சம். 10ஆம் நூற்றாண்டில் பல்கேரிய அரசன் சிமியோன் ஜார் ஆனான். மாஸ்கோவின் நாலாம் இவான் 1547 ஜனவரியில் ஜாராக முடிசூடினான். ஜெர்மன் அரசர்கள், ரோமில் பேரரசராக முடிசூடிய பிராங்க் அரசன் சார்லமேன் காலத்து ரோமாபுரிக் கனவைப் பிடித்துக்கொண்டு கைசர் ஆனார்கள்.

1914இல் மூண்ட போரைப் பாருங்கள். பெர்லினில் கைசர் வில்ஹெல்ம், வியன்னாவில் கைசர் பிரான்ஸ் ஜோசப், பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் நிக்கோலஸ். அடுத்த வருஷம் பல்கேரியாவின் ஜார் பெர்டினாண்டும் இறங்கினார். செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகும் ஒரு ரோமானியரின் வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டார்கள். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பல் கைசருடையதுதான். கண்டிப்பான அப்பாவுக்கு நம் ஊரில் இன்றும் ‘எம்டன்’ என்று பட்டப்பெயர் வைக்கிறோம். 1918 முடிவதற்குள் இந்த அரியணைகளில் மூன்று காலி. பல்கேரிய ஜார் பதவி மட்டும் 1946 வரை இழுத்தது. அதில் கடைசியாக உட்கார்ந்திருந்த சிறுவன் சிமியோன், வளர்ந்து பெரியவராகித் திரும்பிவந்து, 2001இல் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார்.

காந்தி திருப்பிக்கொடுத்தது ‘கைசர்-இ-ஹிந்த்’ பதக்கம் என்று படித்தேன். பிரிட்டிஷ்காரன் பதக்கத்தில் ஜெர்மன் கைசருக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், மன்னார்குடி

ஜெர்மன் கைசர் அல்ல. இந்தக் கைசர் வேறு பாதையில், பாரசீகம் அரபு வழியாக வந்தவர். ரோமப் பேரரசரை அந்த மொழிகளில் ‘கைசர்’ என்பார்கள். அதனால்தான் 1453இல் கான்ஸ்டான்டினோப்பிளைப் பிடித்த சுல்தான் மெஹ்மத், தன்னை ரோமாபுரியின் கைசர் என்று அழைத்துக்கொண்டார். இன்னும் முன்னே போனால், இன்றைய பாகிஸ்தானின் அட்டோக் அருகே ஆரா என்ற இடத்தில் கிடைத்த குஷாண அரசன் கனிஷ்கன் கல்வெட்டில், மகாராஜ, ராஜாதிராஜ, தேவபுத்ர என்ற பட்டங்களோடு ‘கைசர’ என்பதையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று 1877 ஜனவரி 1ஆம் தேதி தில்லி தர்பாரில் அறிவித்தார்கள். உள்ளூர் மொழியில் என்ன சொல்வது? பாதுஷா என்றால் முகலாயர் நினைவு வரும். அவர்களை ஒழித்து இருபது வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. லாகூர் அரசுக் கல்லூரி முதல்வராக இருந்த லைட்னர் என்ற அறிஞர் ‘கைசர்-இ-ஹிந்த்’ என்ற பெயரைக் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் பழக்கமான சொல், யாருடைய காயத்திலும் படாத சொல். கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தப் பெயரில் 1900இல் ஒரு பதக்கம் வந்தது. தென்னாப்பிரிக்கச் சேவைக்காகக் காந்திக்கு 1915இல் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். ஒத்துழையாமை தொடங்கிய 1920 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, போயர் போர், ஜூலு போர்ப் பதக்கங்களோடு அதையும் திருப்பி அனுப்பினார். ஆறாம் ஜார்ஜ் இந்தியப் பேரரசர் பட்டத்தை முறைப்படி விட்டது 1948 ஜூன் 22இல். ஐரோப்பாவில் கைசரும் ஜாரும் ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் நம் தலைமேல் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். இப்போது ‘கைசர்-இ-ஹிந்த்’ என்றால் இமயமலைக் காட்டில் பறக்கும் பச்சை நிற வண்ணத்துப்பூச்சி. அருணாசலப் பிரதேசத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி அதுதான்.

எங்கள் வேதாகமத்தில் ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று இருக்கிறது. கத்தோலிக்கரான என் சம்பந்தி வீட்டுப் பைபிளில் ‘சீசருக்கு’ என்று இருக்கிறது. எது சரி டீச்சர்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

சம்பந்தியோடு சண்டை வேண்டாம், இரண்டும் சரி. ஆனால் பாளையங்கோட்டைக்காரி என்பதால் என் ஓட்டு இராயனுக்கு என்று நினைக்காதீர்கள், காரணத்தோடுதான் போடுகிறேன். இயேசு காசைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது என்று கேட்ட காலத்தில் ஆட்சியில் இருந்த பேரரசர் திபேரியஸ். அவரும் தத்துப்பிள்ளை. அங்கே ‘சீசர்’ என்பது ஆளும் பேரரசர் என்ற பொருளில்தான் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள், விஜயநகர ராயர்களின் பேர் நம் பக்கத்தில் மறையாத காலத்தில், பட்டத்துக்குப் பட்டம் என்று ‘இராயன்’ போட்டார்கள். அகஸ்டஸை ‘அகுஸ்துராயன்’ என்றே ஆக்கினார்கள். அதே வேதாகமத்தில் ஊர்ப்பெயர் வரும்போது மட்டும் ‘செசரியா’ என்று சீசரை விட்டுவைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க முடியாதே! துருக்கியின் கைசேரி அப்படி ஒரு சீசர் ஊர்தான். ஸ்பெயினின் சரகோசாவும் தேய்வதற்கு முன் சீசர் அகஸ்டா.

அந்தக் காசைப் பார்க்க வேண்டுமானால் எருசலேம் போக வேண்டாம். திபேரியஸின் வெள்ளித் தினாரியஸ் கொங்கு நாட்டு மண்ணில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. நம் ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறியது, எடை நாலு கிராமுக்குள். ஒரு பக்கம் வாகை சூடிய தலை. ஓரத்தைச் சுற்றி, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல், சுருக்கிச் சுருக்கி வெட்டிய எழுத்து. விரித்துப் படித்தால் ‘திபேரியஸ் கைசர், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்’. மிளகு விற்ற நம் ஆட்கள் அதைப் படித்திருப்பார்களா என்பது வேறு விஷயம், எடை போட்டிருப்பார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சீசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. இனி இது நாணயமல்ல, வெறும் தங்கம் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். ‘வெட்டப்பட்டவர்’ என்ற பிளினியின் கதை வேறெங்கு பொய்யானாலும் புதுக்கோட்டையில் மெய்.

தனி மனிதன் பெயர் இப்படிப் பட்டமானது வேறு உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

உண்டு, அதுவும் பக்கத்திலேயே. சார்லமேனின் சொந்தப் பெயர் கார்ல். அவனைப் பார்த்து மிரண்ட அண்டை நாட்டு ஸ்லாவியர்கள் ‘அரசன்’ என்ற சொல்லையே அதிலிருந்து செய்துகொண்டார்கள். செக்கில் ‘க்ரால்’, போலந்தில் ‘க்ருல்’, ரஷ்யாவில் ‘கரோல்’. ஹங்கேரியர் ‘கிராய்’ என்றார்கள், லிதுவேனியர் ‘கராலியுஸ்’ என்றார்கள். சீட்டுக்கட்டில் ராஜாவை இறக்கும்போதெல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் கார்லை இறக்குகிறார்கள்.

பேரனுக்கு சீசர் என்று பெயர் வைக்க மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு நாய்க்கு அந்தப் பெயர். என்ன செய்ய?
– ஒரு தாத்தா, நாகர்கோவில்

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அது சாதாரண ஆண்பிள்ளைப் பெயர்தான் அண்ணாச்சி, தாராளமாக வைக்கலாம். வீட்டுப் பெயர் வேண்டாம், அவருக்கு இட்ட பெயர்தான் வேண்டும் என்றால் ‘கையஸ்’. அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர். ரோமில் பெயர் பஞ்சம் அப்படி. சீசரின் சகோதரிகள் இரண்டு பேருக்குமே ஜூலியா என்றுதான் பெயர். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவேடு கூப்பிட்டுக் காலம் தள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன், கையஸ் என்று வைத்தால் முதல் வாரத்திலேயே பையன்கள் ‘கை’ என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். சீசரே இருக்கட்டும். நாய்க்காரர்களிடம் வேண்டுமானால் பேசிப் பாருங்கள்.